கேளாத கையும் திறந்த கணக்கும்

1838 செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், வில்சன் தெருவில் இருந்த அநாதை இல்லங்களின் மொத்தக் கையிருப்பு 28 ஷில்லிங். அதில் 25 ஓர் உடன் ஊழியரிடமும் 3 அந்த இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லரிடமும் இருந்தன. இறைச்சி, ரொட்டி, ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் தேயிலை, எல்லா வீடுகளுக்கும் பால் என்று அன்றைய பாடு அந்தக் காசில் கழிந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. இல்லத்தில் வேலை பார்த்தவர்கள் தங்கள் சொந்தக் கைப்பணத்தை அதற்கு முன்பே கொடுத்துத் தீர்த்திருந்தார்கள். பிற்பகலில், லண்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் மகள் கொடுத்தனுப்பியது என்று 3 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். நான்கைந்து நாட்களாகவே அவர் பையன்கள் இல்லத்துக்கு அடுத்த வீட்டில்தான் தங்கியிருந்தார். பணம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை நாள் கைக்கு வராமல் இருந்ததே, உதவ வேண்டும் என்று தேவன் முதலிலிருந்தே தீர்மானித்திருந்தார், ஆனால் நம்மை ஜெபிக்க வைக்க விரும்பினார் என்பதற்குச் சாட்சி என்று முல்லர் தம் குறிப்பேட்டில் பதிந்தார். அதே நிகழ்ச்சியைப் பார்க்கும் இன்னொருவர், அந்தப் பெண் மேலும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பிள்ளைகள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்கலாம். இரண்டுமே நேர்மையான வாசிப்புகள்தான். கிறிஸ்தவர்கள் ‘விசுவாச ஊழியம்’ என்று சொல்லும் வழக்கத்தை எடைபோட வேண்டுமானால் இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வழக்கம் இதுதான்: நிலையான சம்பளம் வாங்குவதில்லை, தேவையை எந்த மனிதரிடமும் சொல்லிக் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவையைத் தேவனிடம் மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வது. நம்முடைய சபைகளில் விசுவாசத்தின் வல்லமையைப் பற்றிப் பேசும்போது முல்லரின் பெயர் அநேகமாகத் தவறாமல் வரும். கடைசி நிமிடத்தில் பணம் வந்த கதைகள் வரும். ஆனால் அந்தக் கதைகளைச் சுற்றி இருந்த கடுமையான ஒழுங்கு பெரும்பாலும் பேச்சில் விடுபட்டுப்போகிறது. முல்லரின் விசுவாசத்துக்கு வல்லமை இருந்தது என்று நான் நம்புகிறேன். அந்த வல்லமை பணம் வந்து சேர்ந்த நேரங்களைவிட, பணம் வராத நேரங்களில் அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டில்தான் கூடுதலாகத் தெரிகிறது. அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் அதே வழக்கம் மனிதரை, அதிலும் அதைத் தேர்ந்தெடுக்காத மனிதரை, நசுக்கிவிடுகிறது.

முல்லர் பிரஷ்யாவில் 1805-ல் பிறந்தவர். இளமையில் அப்பாவின் பணத்தைத் திருடியவர்; விடுதிக் கட்டணம் செலுத்தாமல் ஏமாற்றியதற்காகப் பதினாறு வயதில் சிறையில் இருந்தவர். 1825-ல் ஹாலே நகரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் மனம் மாறினார். அந்த ஹாலே நமக்கு அந்நியமான ஊர் அல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஹாலேயில் பிராங்கே என்ற இறையியலாளரின் பள்ளியில் உருவானவர். பிராங்கே அங்கே ஒரு பெரிய அநாதை இல்லத்தை எழுப்பியிருந்தார். மாணவராக இருந்த காலத்தில் முல்லர் அதே வளாகத்தில் இலவசமாகத் தங்கியதும், பத்தாண்டுகள் கழித்து பிராங்கேயின் வரலாற்றைத் திரும்ப வாசித்துத் தாமும் ஓர் இல்லம் தொடங்கத் துணிந்ததும் அவரே எழுதி வைத்திருப்பவை. ஆக, இந்த வழக்கம் ஒரு தனிமனிதரின் திடீர்த் துணிச்சலில் பிறந்ததல்ல. அதற்கு முன்மாதிரி இருந்தது, நூல் இருந்தது, நிறுவன நினைவு இருந்தது. அதே ஹாலேயிலிருந்து 1710 முதல் தரங்கம்பாடி ஊழியத்தின் அறிக்கைகள் அச்சாகி ஐரோப்பிய வாசகர்களிடம் போய்க்கொண்டிருந்தன. ஜெபமும் அறிக்கையும் தொடக்கத்திலிருந்தே கைகோத்து நடந்தவை. இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

முல்லர் சம்பளத்தை விட்டதற்குச் சொன்ன காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். 1830-ல் டெய்ன்மவுத் என்ற கடலோர ஊரில் அவர் போதகராக இருந்தார். அக்காலத்து ஆங்கிலேய ஆலயங்களில் இருக்கைகளுக்கு வாடகை உண்டு. பணம் கொடுப்பவருக்கு நல்ல இடம், ஏழைக்கு ஓரத்தில் இடம். போதகரின் சம்பளம் அந்த வாடகையிலிருந்து வந்தது. இது ஏழையை அவமதிக்கிறது, மனமில்லாதவரையும் கொடுக்க வைக்கிறது, போதகரை உண்மை பேசத் தயங்க வைக்கிறது என்பது முல்லரின் கணிப்பு. வாடகை முறையை நிறுத்தி, ஆலயத்தில் ஒரு பெட்டியை வைத்தார். கொடுக்க விரும்புகிறவர் அதில் போடலாம்; யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது. அற்புதத்தைத் தேடி எடுக்கப்பட்ட முடிவாக இது எனக்குத் தோன்றவில்லை. சபைக்குள் பணம் செய்யும் வேலையைக் கூர்ந்து கவனித்த ஒருவர் எடுத்த முடிவு அது. விசுவாச ஊழியத்தின் முதல் பலம் இங்கே இருக்கிறது. அது ஊழியக்காரரைப் பணம் கொடுப்பவரின் கைப்பிடியிலிருந்து விடுவிக்கிறது.

இந்த விடுதலையின் முழுப் பொருளும் தமிழ் மண்ணில்தான் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. முல்லரின் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ். எக்சிடரில் பல் மருத்துவராக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1829-ல் பாக்தாத்துக்குப் போனார். 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலியில் மிஷனெரியாக இருந்த ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் அவருடன் சேர்ந்து மொழிபெயர்ப்பில் உதவினார். அருளப்பன் தனியாக ஊழியம் செய்யப் புறப்பட்டபோது, மாதம் ஒரு தொகை கொடுப்பதாக குரோவ்ஸ் சொன்னார். அருளப்பன் மறுத்துவிட்டார். நிரந்தரமாகப் பணம் வாங்கினால், கூலிக்குப் பிரசங்கம் செய்கிறவன் என்று மக்கள் சொல்வார்கள் என்பதே அவர் காட்டிய காரணம். இதை குரோவ்ஸே வியப்போடு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து மிஷன் அமைப்பை நினைத்துப் பார்த்தால் இந்த மறுப்பின் கனம் புரியும். பணம் லண்டனிலிருந்து வரும். மிஷனெரி அதைப் பங்கிடுவார். உபதேசியார் அவரிடம் மாதச் சம்பளம் வாங்குவார். அவரை வைப்பதும் மாற்றுவதும் நீக்குவதும் மிஷனெரியின் கையில். ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் வெள்ளைக்காரரின் பணத்தை வேண்டாம் என்று சொல்வது, அந்த உறவையே மாற்றிவைப்பதாகும். அருளப்பன் பிறகு வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை ஏற்படுத்தினார். 1860-ல் தொடங்கிய எழுப்புதலில் அவருடைய சபைகளே நடுநாயகமாக இருந்தன. அந்நிய மேற்பார்வை இல்லாமல், உள்ளூர் மக்களே வேதம் ஓதி, ஜெபித்து, ஊர் ஊராகப் போன இயக்கம் அது. ‘கேட்காமல் வாழ்வது’ என்ற கொள்கை இல்லாமல் அது சாத்தியமாகியிருக்குமா என்பது எனக்கு ஐயமே. விசுவாசம் ஒரு மனிதரை நிமிர்ந்து நிற்க வைத்ததற்கு இதைவிட நல்ல சான்று நம் சபை வரலாற்றில் எனக்குத் தெரிந்து குறைவு.

இனி எதிர்வாதங்கள். மிகப் பழையதும் கூர்மையானதும் இதுதான்: முல்லர் யாரிடமும் கேட்கவில்லை என்பது உண்மையல்ல, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டாரே, அதுவே கேட்பதுதானே? 1837 முதல் அவருடைய அனுபவங்கள் நூலாக வந்தன. பணம் தீர்ந்த நாட்களின் விவரம், வந்த தொகை, கொடுத்தவரின் கடித வாசகம் எல்லாம் அதில் இருக்கும். படிப்பவர் மனம் இளகும், கை நீளும். 1857-ல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழிலேயே இந்த இல்லத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. போதாக்குறைக்கு, 1840-ல் ஒரு பென்னிக்கு நாடெங்கும் தபால் அனுப்பும் முறை வந்துவிட்டது. 1841-ல் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு முழு ரயில் பாதை திறந்துவிட்டது. அறிக்கை போவதும் சில்லறைக் காணிக்கை வருவதும் எளிதாயின. இவ்வளவையும் மறைத்துவிட்டு, ஜெப அறைக்குள் பணம் நேரே வானத்திலிருந்து இறங்கியதுபோலச் சொல்வது முல்லருக்குச் செய்யும் நியாயமல்ல.

இந்த எதிர்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு முல்லரின் நடத்தையே பதில் சொல்கிறது. 1835 டிசம்பரில் இல்லத்துக்கான திட்டத்தை அறிவித்த கூட்டத்தில் அவர் வேண்டுமென்றே காணிக்கை எடுக்கவில்லை. 1841 டிசம்பரில், பணம் மிகவும் நெருக்கடியாக இருந்த வேளையில், வழக்கமான ஆண்டுக் கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தார். இப்போது அறிக்கை போட்டால் நெருக்கடிக்காகப் போட்டதாகிவிடும் என்று அஞ்சினார். நிதி நிலைமை எப்படி இருக்கிறது என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்டவருக்குக்கூட அப்போதைய நிலவரத்தைச் சொல்ல மறுத்தார். அறிக்கையைப் பணம் தேவைப்படும் நேரத்திலிருந்து பிரித்து வைத்ததுதான் அவருடைய நுட்பம். நடந்து முடிந்ததைச் சொல்லுவார்; நடக்க வேண்டியதைச் சொல்லமாட்டார். அது மட்டுமன்றி, காணிக்கை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ரசீது போனது. அறிக்கையில் அந்த எண்ணுக்கு நேரே தொகை அச்சானது. பெயர் வெளியே தெரியாமலே, கொடுத்தவர் தன் பணம் கணக்கில் ஏறியதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். வாழ்நாளில் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு அவர் கையால் செலவானது. தமக்கென்று வந்ததிலிருந்தும் எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்துவிட்டார். 1898-ல் இறந்தபோது அவர் விட்டுச்சென்றது, புத்தகமும் தட்டுமுட்டுச் சாமான்களும் உட்பட, 170 பவுண்டுக்கும் குறைவு. ஆகவே அறிக்கை ஒரு விண்ணப்பமாகவும் வேலை செய்தது என்பது சரி. அந்த விண்ணப்பத்துக்கு அவர் கட்டிய வேலிகள் உயரமானவை என்பதும் சரி.

இதை நம் ஊரில் இன்று நடப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு மனத்தை வருத்துகிறது. விசுவாச ஊழியம் என்று சொல்லிக்கொள்ளும் பல ஊழியங்களின் மாத மடலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘ஜெபக் குறிப்புகள்’ என்ற தலைப்பு இருக்கும். வாகனம் பழுதாகிவிட்டது, புதிய வாகனத்துக்கு இத்தனை லட்சம் தேவை, கர்த்தர் சந்திக்கும்படி ஜெபியுங்கள் என்று ஒரு வரி. ஆலயக் கட்டடத்தின் கான்கிரீட் வேலைக்கு இத்தனை மூட்டை சிமெண்ட், கர்த்தர் ஏவினவர்கள் தாங்கலாம் என்று இன்னொரு வரி. அதற்குக் கீழே வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, இப்போது ஒரு கியூஆர் கட்டம். தேவையைச் சொல்லிப் பணம் கேட்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அது நேரான காரியம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மனிதரிடம் கேட்பதை ஜெபம் என்று பெயரிட்டுச் சொல்வதில்தான் சிக்கல். கேட்கிறேன் என்று சொன்னால், கொடுப்பவர் கணக்குக் கேட்கலாம், முடியாது என்று சொல்லலாம். ஜெபக் குறிப்பாக வந்தால் அந்த உரிமை போய்விடுகிறது. கொடுக்காமல் இருப்பது தேவனுடைய ஏவுதலை மறுப்பதாகிவிடுகிறது. அந்த மடல்களில் வாகனம் வாங்கிய சாட்சி அடுத்த மாதமே வந்துவிடும். வந்த தொகை எவ்வளவு, மீதி என்ன ஆனது என்ற வரி எப்போதாவதுதான் வரும். முல்லரின் ஒழுங்கில் முன்னால் மௌனமும் பின்னால் முழுக் கணக்கும் இருந்தன. இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது, அதற்கு முழுப் பதிலும் என்னிடம் இல்லை. விசுவாசத்தால் வாழ்வது என்று முடிவு செய்பவர் ஒருவர். அதன் ஆபத்தைச் சுமப்பவர்கள் வேறு பலர். பிரிஸ்டலில் அந்தப் பிள்ளைகள் எந்தக் கொள்கையையும் தேர்ந்தெடுக்கவில்லை. முல்லரோ, இல்லத்தின் முதல் நோக்கம் பிள்ளைகளின் நலம் அல்ல, ஜெபத்துக்குத் தேவன் பதில் தருகிறார் என்பதை உலகத்துக்குக் காட்டுவதே என்று வெளிப்படையாக எழுதினார். இன்று குழந்தைகள் நலத்தைப் பற்றி அக்கறை உள்ள எவரையும் இந்த வாசகம் துணுக்குற வைக்கும், வைக்கத்தான் வேண்டும். ஆனால் நடைமுறையில் ஆபத்து எப்படிப் பங்கிடப்பட்டது என்று குறிப்பேட்டைப் பார்த்தால் படம் மாறுகிறது. நெருக்கடி வரும்போது பிள்ளைகளின் தட்டில் கை வைப்பதற்கு முன், வேலையாட்கள் தங்கள் பணத்தைப் போட்டார்கள். கைவசமிருந்த பொருளை விற்றார்கள். கடைக்காரரிடம் வாரக் கணக்கு வைப்பதை முல்லர் நிறுத்தி, அன்றன்றைக்குக் காசு கொடுத்து வாங்கச் சொன்னார். கடனில் ரொட்டி வாங்கினால், பசியின் ஆபத்து ரொட்டிக் கடைக்காரரின் தலையில் விழும். அதை அவர் அனுமதிக்கவில்லை. ஆபத்து மேலிருப்பவர் மீது முதலில் விழும்படி அந்த ஏற்பாடு இருந்தது. 1834-க்குப் பிந்தைய இங்கிலாந்தின் ஏழையர் விடுதிகளோடு ஒப்பிட்டால் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். ஏழைப் பிள்ளைகளை அவர்கள் தகுதிக்கு மேலே படிக்க வைக்கிறார் என்று முல்லர் மீது அக்காலத்தில் குறை சொன்னவர்கள்கூட உண்டு.

நம்மிடம் ஆபத்து எந்தத் திசையில் விழுகிறது? தனிச் சபை நடத்தும் விசுவாச ஊழியக்காரரின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மேடை இருக்கிறது, அழைப்பு பெற்றவர் என்ற நிறைவு இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எப்போது கட்டப்படும் என்று தெரியாமல், மளிகைக் கடையில் தவணை சொல்லி, வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பவர் அவருடைய மனைவி. அவருக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. கணவர் இறந்துவிட்டால் வாடகை வீட்டில் எத்தனை மாதம் இருக்க முடியும் என்பதுகூடத் தெரியாது. தென்னிந்தியத் திருச்சபையின் குருவுக்கு நிர்ணயிக்கப்பட்ட சம்பளமும் ஓய்வுக்காலப் பலன்களும் உண்டு. அதை விசுவாசக் குறைவு என்று மேடையில் குறைத்துப் பேசுகிறவர்களை நான் ஏற்கவில்லை. ஒரு பெண்ணின் முதுமையைப் பாதுகாக்கிற ஏற்பாட்டில் விசுவாசத்துக்கு எதிரான எதுவும் இல்லை. இல்லாமையைச் சுமக்கிறவரிடம் சம்மதம் கேட்கப்பட்டதா என்ற ஒரே கேள்வியால் இந்த வழக்கத்தின் பாதி வடிவங்கள் தோற்றுவிடும்.

மூன்றாவதாக, நிரூபணம் என்ற பிரச்சினை. முல்லர் தம் இல்லத்தைத் தேவன் இருக்கிறார் என்பதற்குக் கண்கூடான சாட்சியாக நிறுத்தினார். 1849-ல் ஆஷ்லி டவுன் மேட்டில் முதல் பெரிய கட்டடம். 1870-க்குள் ஐந்து கட்டடங்கள், 2,050 பிள்ளைகளுக்கு இடம். அவர் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். எண்கள் வியக்க வைக்கின்றன. ஆயினும் இதே முறையில் தொடங்கி, பணம் வராமல் மூடப்பட்ட இல்லங்களுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. நிலைத்ததை மட்டும் எண்ணி, கவிழ்ந்ததை எண்ணாமல் விட்டால் எந்த முறையும் தவறாதது போலத்தான் தெரியும். எனவே, ஐயப்படுகிறவரை வாயடைக்க வைக்கும் நிரூபணமாக இதை முன்வைப்பது பலவீனமான வாதம். நம்புகிறவர் தன் வாழ்க்கையைக் கொடுத்துப் பேசும் சாட்சி என்ற அளவில்தான் இதற்கு மதிப்பு. அந்த மதிப்பு சிறியதல்ல. பணம் வந்ததைச் சொல்லும் பக்கங்களைவிட, அவர் கேட்டது கிடைக்காமல் போன பக்கங்களில் எனக்கு அந்தச் சாட்சி உறுதியாகப் படுகிறது. 1870 பிப்ரவரியில் மேரி வாதக் காய்ச்சலில் இறந்தார். பிழைக்க வேண்டும் என்று முல்லர் ஜெபித்திருந்தார். அடக்க ஆராதனையில் அவரே பிரசங்கித்தார்: மேரியைத் தந்ததில் தேவன் நல்லவர், இத்தனை ஆண்டு விட்டுவைத்ததில் நல்லவர், எடுத்துக்கொண்டதிலும் நல்லவர் என்று மூன்று பகுதியாக. மேரியின் விசுவாசத்திலோ தம் விசுவாசத்திலோ குறை தேடவில்லை.

இந்த இடத்தில் முல்லர் செய்த ஒரு பாகுபாடு, நம் காலத்துக்கு மிகவும் தேவைப்படுவது. விசுவாச வரம் வேறு, விசுவாசக் கிருபை வேறு என்றார். வேதத்தில் வாக்குக் கொடுக்கப்படாத ஒன்று, உதாரணமாக ஒரு குறிப்பிட்ட நோயாளியின் சுகம், நிச்சயம் நடக்கும் என்று உறுதியாக நம்புவது வரத்தைச் சேர்ந்தது. அது எல்லாருக்கும் இல்லை, அது இல்லாதது பாவமும் இல்லை. வேதம் வாக்களித்திருப்பதை நம்பி நடப்பது கிருபை. அது எல்லா விசுவாசிகளுக்கும் உரியது. தம்மிடம் இருப்பது இரண்டாவதுதான் என்றும், தம்மை அசாதாரணமானவர் என்று சொல்வது மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி என்றும் அவர் கருதினார். இந்தக் கோட்டை அழித்துவிட்டால் நடப்பது என்ன என்று பார்க்கிறோம். விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு அறுவடை என்று போதிக்கப்படுகிறது. மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமாகிறது. சர்க்கரை நோயாளி இன்சுலினை விடுகிறார். சுகம் வராதபோது, வீட்டார் துக்கத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்: விசுவாசம் போதவில்லை என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. இழந்தவரைக் குற்றவாளியாக்கும் போதனையை விசுவாசம் என்ற பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அதை முல்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்வதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

விசுவாசம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது காலத்தின் பார்வைக் குறைகளைத் தானாகத் திருத்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிஸ்டல் இல்லத்தில் சேர மூன்று தகுதிகள்: தாய் தந்தை இருவரையும் இழந்திருக்க வேண்டும், ஆதரவற்று இருக்க வேண்டும், முறைப்படி மணமானவர்களுக்குப் பிறந்திருக்க வேண்டும். மூன்றாவது விதியால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அந்த ஊரில் வேறு போக்கிடம் மிகக் குறைவு. ஒவ்வொரு சல்லிக்காசுக்கும் தேவனை எதிர்பார்த்த மனிதர், ஒரு குழந்தையின் பிறப்பு விஷயத்தில் தன் சமூகத்தின் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டார். இதே வழியில் பணம் கேட்காமல் நடந்த டோனாவூர் இல்லத்தில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் எதிர்த் திசையிலிருந்து தொடங்கினார். 1901-ல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்ததிலிருந்துதான் அந்த வேலை பிறந்தது. எந்தப் பிள்ளையின் பின்னணியைப் பற்றி ஊர் முகம் சுளிக்குமோ அந்தப் பிள்ளைக்கு அங்கே இடம் இருந்தது. அவரும் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். அவற்றைப் படித்தவர்கள் உலகெங்கிலுமிருந்து கொடுத்தார்கள். முல்லரின் அறிக்கையைப் பற்றிய கேள்வி இவருக்கும் பொருந்தும். ஆனால் யாருக்காக நம்பினார் என்ற கேள்வியில் டோனாவூர் பிரிஸ்டலைவிட விரிந்தது என்பது என் துணிபு.

கடைசியாக, வேதத்தின் அடிப்படையிலேயே எழும் கேள்வி. கேட்காமல் இருப்பது கட்டளையா? பவுலைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவர் கொரிந்துவில் கூடாரத்தொழில் செய்து பிழைத்தார். அந்தச் சபையிடம் தமக்காகப் பணம் வாங்க மறுத்தார். பிலிப்பி சபை அனுப்பியதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். எருசலேமின் ஏழைகளுக்காகவோ, கூச்சமே இல்லாமல், எப்போது எடுத்து வைக்க வேண்டும் என்றும் சொல்லி, ஒரு சபையின் தாராளத்தை இன்னொரு சபைக்கு எடுத்துச் சொல்லிக் கேட்டார். அந்தப் பணத்தைக் கொண்டுபோகச் சபைகள் நம்பும் ஆட்களையும் கூடவே அமர்த்தினார். உழைத்தல், வாங்கல், மறுத்தல், கேட்டல் நான்குமே அவரிடம் விசுவாசத்தின் வடிவங்கள். குரோவ்ஸும் சித்தூரில் விவசாயமும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் செய்து பார்த்தார். அதில் பெரும் தொல்லைக்கு ஆளானார் என்பது வேறு. 1903-ல் பாளையங்கோட்டையில் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது அந்நியப் பணம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், ஆனால் திருநெல்வேலிச் சபைகளிடம் வெளிப்படையாகக் கேட்டார்கள். சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்த பெண்களின் காணிக்கையை நம் சபைகள் அறியும். அருளப்பன் மறுப்பின் மூலம் பெற்ற சுதந்திரத்தை இவர்கள் கேட்பதன் மூலம் பெற்றார்கள். கேட்காமை என்பது சிலருக்கு, சில சூழலில் அழைப்பாக வரும் ஒரு வழி. அதை எல்லாருக்கும் அளவுகோலாக்கினால், கூடாரத்தொழில் செய்த அப்போஸ்தலனே தேறமாட்டார்.

பிலிப்பியரின் காரியத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உங்கள் குறைவையெல்லாம் தேவன் நிறைவாக்குவார் என்ற பொருளில் பவுல் எழுதியது, பணம் அனுப்பிய சபைக்கு. தங்களுக்கே பற்றாத நிலையில், கேட்கப்படாமலே, அவருடைய தேவையை விசாரித்து ஆள் அனுப்பிய சபை அது. ஊழியக்காரர் கேட்காமல் இருப்பதற்கு மறுபுறத்தில் சபை விசாரிக்க வேண்டிய கடமை இருக்கிறது. போதகரின் விசுவாசத்தை மெச்சுகிற சபைகள், வீட்டு வாடகை கட்டியாயிற்றா, போதகரம்மாவின் பெயரில் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பதே இல்லை. கேட்டால் அவர் விசுவாசத்தைக் குலைத்துவிடுவோமோ என்ற தயக்கம். முல்லரும் நிலவரத்தைச் சொல்ல மறுத்தவர்தானே என்று இங்கே ஒருவர் சொல்லலாம். மறுத்தார், ஆனால் ஆண்டு முடிந்ததும் வந்த ஒவ்வொரு ஷில்லிங்கும் போன வழி அச்சில் இருந்தது, எவரும் வாங்கிப் படிக்கலாம். அந்தப் புத்தகத்தை வெளியிடத் தயாராக இருக்கும் ஊழியம் எதுவானாலும், அது தன் தேவையைச் சொல்லாமல் இருக்கலாம்.